அக்ரி சோன் நிலம்: விற்பதா, வைப்பதா, மாற்றுவதா?

அப்பாவின் முதல் வருஷத் திவசம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பூந்தமல்லிக்கு மேற்கே, பெரிய ரோட்டிலிருந்து 400 அடி உள்ளே, 84 சென்ட். வாரிசு நாலு பேர்: பெரியக்கா, அண்ணன், நான், தம்பி. ஆளுக்கு 21 சென்ட்.

“ரோட்டுக்கு அந்தப் பக்கம் மனை சதுர அடி 2,500க்குப் போகுதுக்கா. நம்ம நிலத்தை மட்டும் ஏன் சென்ட் மூணு லட்சத்துக்கு மேல யாரும் கேட்க மாட்டேங்கிறாங்க?” என்றான் தம்பி. நியாயமான கேள்வி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. சென்ட் மூன்று லட்சம் என்றால் சதுர அடிக்கு 690 ரூபாய்கூட இல்லை. ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே பஸ் ஸ்டாப். புரோக்கரைக் கேட்டால் இரண்டே சொல்லில் பதில் வந்தது: “அக்ரி சோன்மா.”

அடுத்த எட்டு மாதம் நாங்கள் நாலு பேரும் அந்த இரண்டு சொல்லோடுதான் மல்லுக்கட்டினோம். ஆளுக்கொரு யோசனை. அண்ணனுக்கு வந்த விலைக்கு விற்றுவிட வேண்டும். பெரியக்காவுக்கு அப்பா நிலம் கையில் இருக்க வேண்டும். தம்பிக்கு மனை போட வேண்டும். எனக்கு எது சரியென்றே தெரியவில்லை. அதனால் ஒவ்வொன்றையும் விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விசாரித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே மாதிரி நிலம் வைத்துக்கொண்டு இதே மாதிரி முழிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில், இந்த சோன் என்பது என்ன? தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்று ஒன்று இருக்கிறது. அதன்கீழ் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சிஎம்டிஏ, மாஸ்டர் பிளான் போடுகிறது. இப்போது நடப்பில் இருப்பது 2008 செப்டம்பரில் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான். அதன் இலக்கு ஆண்டு 2026. அதில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாடு எழுதியிருக்கிறது: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, வேளாண்மை இப்படி. நிலம் உங்களுடையதுதான், பட்டா உங்கள் பேரில்தான். ஆனால் அதில் என்ன செய்யலாம் என்பதை அந்த வரைபடம் சொல்கிறது. நீங்கள் உழுகிறீர்களா இல்லையா என்பது வேறு கதை. எங்கள் நிலத்தில் கடைசியாக நெல் போட்டு 15 வருஷம் இருக்கும். இப்போது அதில் விளைவது சீமைக் கருவேலம்.

“இது நம்ம சொத்து, இவங்க யாரு சொல்றதுக்கு?” என்று அண்ணன் கோபப்பட்டார். சொத்துரிமை 1978இல் 44ஆவது திருத்தத்தோடு அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. இப்போது அது அரசமைப்புச் சட்டத்தின் 300ஏ பிரிவில் இருக்கிறது. சட்டத்தின் வழியில்லாமல் பறிக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். சோன் போடுவது பறிப்பதில் சேராது. நிலத்தை எடுத்தால் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். இப்படித்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொன்னால் ஒன்றும் கிடையாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குக் கோடு சாதகமாக விழுந்தது, எங்களுக்கு விழவில்லை. அவ்வளவுதான். இதில் எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. ஆனால் 2015 டிசம்பரில் எங்கள் நிலத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றதும் ஞாபகம் இருக்கிறது. ஆறு நாள் வடியவில்லை. அப்போது அங்கே வீடு எதுவும் இல்லாததால் அது யாருக்கும் செய்தியாகவில்லை.

யோசனைக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன வேலை. கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் தெரிந்தால் சிஎம்டிஏ இணையதளத்திலேயே சோன் என்னவென்று பார்த்துக்கொள்ளலாம். புரோக்கர் வாய்வார்த்தையை நம்பவே வேண்டாம். எங்களுடையது இரண்டு உட்பிரிவு; இரண்டுமே வேளாண்மை என்றுதான் வந்தது. பக்கத்துச் சர்வே எண்களையும் தட்டிப் பாருங்கள். சுற்றிலும் குடியிருப்பு ஆகி நடுவில் நீங்கள் மட்டும் வேளாண்மையாக இருக்கிறீர்களா, இல்லை கண்ணுக்கெட்டிய தூரம் வேளாண்மையா என்பது பின்னால் ரொம்ப முக்கியம். இன்னொன்று: சிஎம்டிஏ எல்லை முன்பு 1,189 சதுர கிலோமீட்டர், 2022இல் அதை 5,904 ஆக விரித்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஊர்களுக்கு இந்த 2008 வரைபடம் பொருந்தாது. மாஸ்டர் பிளானே இல்லாத பகுதியாக இருந்தால் 2017இல் வந்த தனி விதிகள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் இங்கே நான் சொல்லும் வழிமுறையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியே விற்பது

அண்ணனின் கட்சி. 84 சென்ட், மூன்று லட்சம் வீதம் 2 கோடியே 52 லட்சம். ஆளுக்கு 63 லட்சம். மூன்று மாதத்தில் கிரயம் முடிந்து பணம் கையில். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம் என்பதால் வாங்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று. வந்து பார்த்த ஏழு பேரில் ஒருவர்கூடக் கீரை போட வாங்கவில்லை. எல்லோரும் சோனை மாற்றி மனை போடும் எண்ணத்தில்தான் வந்தார்கள். அதாவது வேளாண் விலையைக் கொடுத்துவிட்டு, குடியிருப்பு விலைக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதில் தப்பும் இல்லை. அலைச்சல், காத்திருப்பு, கிடைக்காமல் போகும் ஆபத்து எல்லாம் அவர்களுடையது. அண்ணன் மகளுக்கு அடுத்த வருஷம் கல்யாணம். அவருக்கு இன்றைக்கு வரும் 63 லட்சத்தின் மதிப்பு நாலு வருஷம் கழித்து வரும் ஒரு கோடியைவிட அதிகம். இதை நாங்கள் ஆரம்பத்தில் புரிந்துகொள்ளாமல் “அண்ணனுக்குப் பொறுமையில்லை” என்று பேசிக்கொண்டிருந்தோம்.

வரி விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. ஊர்ப்புற விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. மக்கள்தொகை 10,000க்கு மேல் ஒரு லட்சம் வரை இருக்கும் நகராட்சி எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், பத்து லட்சம் வரை 6, அதற்கு மேல் 8 கிலோமீட்டர் வரைக்கும் இருக்கும் நிலம் அந்தச் சலுகைக்குள் வராது. அதுவும் ரோட்டு வழியாக இல்லை, நேர்கோட்டில் அளப்பார்கள். ஆடிட்டர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு “நீங்க உள்ளதான் இருக்கீங்க” என்று சிரித்தார்.

அப்படியே வைத்திருப்பது

பெரியக்காவின் விருப்பம். இதைச் சும்மா இருப்பது என்று நினைத்தோம், அப்படியில்லை. வேளாண் சோனில் விவசாயம், தோட்டம், மாடு வளர்ப்பு போன்றவற்றுக்குத் தடையில்லை. பண்ணை வீடும் கட்டலாம். ஆனால் அது பண்ணைக்கான வீடாக இருக்க வேண்டும், வாரக் கடைசியில் வாடகைக்கு விடும் ரிசார்ட்டாக இல்லை. “பார்ம் ஹவுஸ்” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு நீச்சல் குளம் கட்டியவர்களை அந்தப் பக்கம் பார்க்கலாம். அவர்கள் பாடு அவர்களுக்கு.

குத்தகைக்கு விடலாமா என்றால், கீரை போடுகிறவர்கள் கேட்டு வந்தார்கள். வருஷத்துக்கு 40,000 ரூபாய் சொன்னார்கள். இரண்டரைக் கோடி மதிப்புள்ள நிலத்துக்கு அது ஒன்றுமே இல்லைதான். ஆனாலும் கருவேலம் போகும், ஆள் நடமாட்டம் இருக்கும், வேலி நகராது. அப்பா காலத்துப் பயம் ஒன்று குறுக்கே வந்தது: பயிரிடும் குத்தகைதாரர்களுக்கு 1955 சட்டம் பாதுகாப்பு கொடுக்கிறது. வாய்ப்பேச்சில் விட்டுவிட்டுப் பத்து வருஷம் கழித்து எழுந்திரு என்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் வக்கீலைக் கேட்டு எழுத்தில் எழுதாமல் விடாதீர்கள்.

வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் சொன்னார்கள். 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது மாஸ்டர் பிளான் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதில் எங்கள் பக்கம் குடியிருப்பாக மாறிவிட்டால் ஒரு பைசா செலவில்லாமல் விலை ஏறிவிடும். மாறலாம், மாறாமலும் போகலாம். வரைவு வெளியாகும்போது மக்கள் எழுத்தில் ஆட்சேபமும் ஆலோசனையும் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2008இல் வந்ததற்கு அப்பா எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்படியொன்று வெளியானதே அவருக்குத் தெரியாது. இந்த முறை நாங்கள் கொடுப்போம். சர்வே எண், சுற்றியுள்ள பயன்பாடு, போட்டோ எல்லாம் வைத்து. ஆனால் புதுப் பிளானில் நம் நிலத்தின் குறுக்கே உத்தேசச் சாலை ஒன்று வந்து படுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பிளான்களில் சாலைக்கோ பூங்காவுக்கோ என்று குறித்துவிட்டு வருஷக்கணக்கில் எடுக்காமல் விடுவதால் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அவர்களுக்கு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. குறித்த நிலத்தை மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் நடவடிக்கையோ உடன்பாடோ இல்லையென்றால் அது விடுவிக்கப்பட்டதாகக் கருத வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அப்ரூவல் இல்லாமல் மனை

இது யாருடைய யோசனை என்று சொல்ல மாட்டேன். “பத்து சென்ட், பத்து சென்ட்டா விவசாய நிலமாவே எழுதிக் குடுத்துடலாம், நடுவுல பொது வழி விட்டுக்கலாம், ரிஜிஸ்டர் ஆகிடும்” என்று ஒரு புரோக்கர் வந்து ஓதியதுதான் ஆரம்பம். ‘ஃபார்ம் பிளாட்’ என்று அழகான பெயரும் வைத்திருந்தார். செலவில்லை, சதுர அடி 1,200க்குக் குறையாது என்றார்.

அன்றைக்கு நான் சித்தப்பா வீட்டுக்குப் போய் அவருடைய மனைப் படத்தை வாங்கிவந்து கூடத்தில் விரித்தேன். 1996இல் ஆவடிப் பக்கம் அவர் வாங்கிய மனை. நீலம் ஓடிய அமோனியா தாள், மடிப்பில் மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கும். வலது மூலையில் ஊதா மையில் வட்ட முத்திரை, ஊராட்சித் தலைவர் கையெழுத்து. இதற்குத்தான் அந்தக் காலத்தில் “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று பெயர். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது என்பது வாங்கிய 48 பேரில் யாருக்கும் தெரியாது. படத்தில் ‘பூங்கா’ என்று எழுதிய இடத்தில் பென்சிலால் 49, 50 என்று எண் போட்டிருக்கும். படத்தைப் போட்டவரே அந்தப் பூங்காவையும் விற்றுவிட்டுப் போய்விட்டார்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. சித்தப்பா மனையை விற்றுத்தான் மகனை வெளியூரில் படிக்க வைக்க நினைத்திருந்தார். அது நின்றுபோனது. பதிவுச் சட்டத்தின் 22ஏ பிரிவு இப்போது அதையே நிரந்தரமாகச் சொல்கிறது: அனுமதி இல்லாமல் வீட்டுமனையாக மாற்றிய நிலத்தைப் பதிவு செய்யக் கூடாது. அப்புறம் 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டி அவர் ஒருவழியாகத் தப்பித்தார். ஆனால் அந்தத் திட்டத்துக்கு 2016 அக்டோபர் 20 என்று ஒரு கெடு தேதி உண்டு. அந்தத் தேதிக்கு முன் உருவாகி, ஒரு மனையாவது விற்ற மனைப்பிரிவுகளுக்குத்தான் அந்த வழி. இன்றைக்குப் போடும் மனைக்கு அந்த ஜன்னல் மூடிக் கிடக்கிறது.

நம்மிடம் வாங்குகிறவர் வீடு கட்டத் திட்ட அனுமதி கேட்டால் கிடைக்காது. பாங்க் லோன் கிடைக்காது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதை இன்னும் இறுக்கிவிட்டது: பணி நிறைவுச் சான்று இருந்தால்தான் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு, பாங்குகளும் அந்தச் சான்றைப் பார்த்த பிறகே கடன் கொடுக்க வேண்டும், பல வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக விதிமீறல் சரியாகிவிடாது. ஒரு கிளார்க்கோ ஆட்டோக்காரரோ சேர்த்துவைத்த பணத்தை வாங்கிக்கொண்டு இந்தத் தலைவலியை அவர் கையில் கொடுத்ததாகிவிடும். சித்தப்பாவின் படத்தைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

சோனை மாற்றி மனை போடுவது

தம்பி இதில்தான் உறுதியாக இருந்தான். நிலப் பயன்பாட்டு மாற்றம் என்பது எழுத்தில். எல்லோரும் சொல்வது ரீகிளாசிஃபிகேஷன். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவுப்படி மாஸ்டர் பிளானையே அந்தச் சர்வே எண் அளவுக்குத் திருத்துகிறார்கள். விண்ணப்பம் போக வேண்டும், இடத்தைப் பார்வையிட வேண்டும், பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும், தொழில்நுட்பக் குழு பார்க்க வேண்டும், கடைசியில் அரசிதழில் வர வேண்டும். உரிமையாகக் கேட்டு வாங்கும் விஷயம் இல்லை இது. மறுக்கலாம். சுற்றிலும் என்ன இருக்கிறது, நஞ்சையா புஞ்சையா, வாய்க்கால் ஓடுகிறதா, தண்ணீர் நிற்கிறதா, எல்லாம் பார்ப்பார்கள். தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி போன்ற இடங்களில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அங்கே இதற்காக அலைய வேண்டாம் என்பது என் எண்ணம்.

சரி, மாறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எத்தனை அடி விற்க முடியும்? எங்களுக்குத் தெரிந்த இன்ஜினியர் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். 84 சென்ட் என்பது 36,590 சதுர அடி. உள்ரோடுகளுக்குக் கால்வாசி போகும் என்று வைத்தால் 9,150 போச்சு. மிச்சம் 27,440. எங்கள் நிலம் 3,400 சதுர மீட்டர் வருகிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனாலே ஓஎஸ்ஆர், அதாவது பொதுத் திறந்தவெளிக்கு, ரோடு போக மீதியில் பத்து சதவீதம் விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரைக்கும் நிலத்துக்குப் பதில் கைடுலைன் மதிப்பில், அதாவது பதிவுத் துறை வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பில், பணமாகக் கட்டலாம். நிலமாகவே விட்டால் 2,744 சதுர அடி. கடைசியில் விற்கக் கிடைப்பது ஏறக்குறைய 24,700 சதுர அடி, பத்து கிரவுண்டுக்கு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) கொஞ்சம் மேலே. ரோட்டையும் திறந்தவெளியையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். “74 சென்ட்டா இருந்திருந்தா ஓஎஸ்ஆரே வந்திருக்காது” என்றார். பத்து சென்ட்டை முதலிலேயே தனியாக விற்றுவிட்டால் என்ன என்று தம்பி கண்ணை உருட்டினான். பழைய பத்திரத்தில் மொத்தம் எவ்வளவு என்று அவர்களும் பார்ப்பார்களே.

24,700 சதுர அடியை 2,500 வீதம் விற்றால் 6 கோடியே 17 லட்சம். மாற்றக் கட்டணம், மனைப்பிரிவுக் கட்டணம், ரோடு, வடிகால், மண் அடித்து மேடாக்குவது, மின் கம்பம் எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து 70 லட்சம் ஆகும் என்றார் இன்ஜினியர். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்பதால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவும் செய்ய வேண்டும். செலவு போக 5 கோடியே 47 லட்சம். மறுபக்கம், இன்றைக்கு 2.52 கோடிக்கு விற்று ஏழு சதவீத வட்டியில் போட்டால் மூன்று வருஷத்தில் 3 கோடியே 9 லட்சம். வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது, இல்லையா? தம்பி அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தான்.

இதே வேலையை ஒரு புரமோட்டரிடம் கொடுப்பது இன்னொரு வழி. செலவும் அலைச்சலும் அவருடையது, மனைகள் நமக்கு 55, அவருக்கு 45. நம் பங்கு 13,585 சதுர அடி, ஆளுக்கு 3,400க்குக் கொஞ்சம் குறைவு. 2,500 வீதம் பார்த்தால் ஆளுக்கு 85 லட்சம். அப்படியே விற்றால் வரும் 63க்கும், நாமே செய்தால் வரும் 1 கோடியே 37க்கும் நடுவில். கைக்காசு போடாமல் கிடைப்பதால் எனக்கு இது பிடித்திருந்தது. ஆனால் வந்தவர் முதல் நாளே பொது பவர், அதாவது பொது அதிகாரப் பத்திரம், கேட்டார், விற்கும் அதிகாரத்தோடு. அப்ரூவல் வருவதற்கு முன் விற்கும் பவர் கொடுத்தால், மாற்றம் கிடைக்காமல் போனாலும் நம் நிலத்தின் மேல் யாரிடம் என்ன அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார் என்று நமக்கே தெரியாது. விண்ணப்பிக்கவும் கையெழுத்துப் போடவும் மட்டும் பவர், கெடு தேதி, அதற்குள் அரசிதழில் வராவிட்டால் தானாக ரத்து, விற்பனை அதிகாரம் அப்ரூவலுக்குப் பிறகு என்று எழுதித் தந்தோம். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர் வரவே இல்லை. அதுவும் ஒரு பதில்தான்.

பன்னிரண்டு அடி

இத்தனை கணக்கும் போட்ட பிறகு இன்ஜினியர் சாவகாசமாக, “எஃப்எம்பி இருக்கா?” என்று கேட்டார். சர்வே எண்ணின் எல்லையும் அளவும் குறித்த புலப்படம். தாலுகா ஆபீஸில் வாங்கி வைத்திருந்தோம், பிரித்துப் பார்த்ததில்லை. பெரிய ரோட்டிலிருந்து எங்கள் நிலம் வரைக்கும் இரண்டு இணைகோடு, நடுவில் ‘வண்டிப்பாதை’. அகலம் 3.6 மீட்டர். பன்னிரண்டு அடி. நேரில் போய் டேப் பிடித்தால் ஒன்பதுதான் இருந்தது. ஒரு பக்கம் வேலி மூன்றடி உள்ளே வந்திருந்தது. மனைப்பிரிவுக்குள் போடும் ரோடே ஏறக்குறைய 23 அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் எனும்போது, அதற்குப் போகும் பாதை 12 அடி என்றால் விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எட்டு மாதம் நாங்கள் சோன், சோன் என்று பேசிக்கொண்டிருந்தது தப்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. சோனை ஒரு காகிதம் மாற்றிவிடும். ரோட்டை அப்படி மாற்ற முடியாது. 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எதைத் திறந்தாலும் ரோட்டு அகலம்தான் நிற்கிறது. முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது ரோட்டைப் பொறுத்தது. கூடுதல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐ, அதாவது அனுமதித்த அளவுக்கு மேல் கட்டிக்கொள்ளும் தளப்பரப்புகூட, 9 மீட்டர் ரோடு என்றால் 30 சதவீதம், 12 மீட்டர் என்றால் 40, 18 மீட்டரோ அதற்கு மேலோ என்றால் 50. குடியிருப்பு சோனில் இருந்துகொண்டே குறுகலான சந்தில் மாட்டிக்கொண்டவர்கள் எங்களைப் போலவே முழிக்கிறார்கள். வந்து பார்த்த ஏழு பேரும் சென்ட் மூன்று லட்சத்தில் ஏன் நின்றார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அவர்கள் புலப்படத்தை முதல் நாளே பார்த்திருக்கிறார்கள்.

அதனால் எங்கள் ஒப்பீடு தலைகீழானது. ரோடு இல்லாமல் பார்த்தால் விற்பது ஒன்றுதான் உடனே நடக்கும். மாற்றுவது வெறும் கனவு, வைத்திருப்பது மூன்றாவது பிளானை நம்பிய லாட்டரி. ரோடு கிடைத்தால் அப்படியே விற்றாலும் விலை வேறு, புரமோட்டரிடம் பேசினாலும் பங்கு வேறு, விண்ணப்பம் போட்டாலும் பேச ஒரு நியாயம் இருக்கும். எந்த வழியில் போனாலும் வீணாகாத செலவு அது ஒன்றுதான்.

பாதையின் வடக்குப் பக்கம் முழுக்க ஒரே ஒருவருடைய நிலம். நீளம் 400 அடி. பதினொன்று, பன்னிரண்டு அடி அகலத்துக்கு அவரிடம் வாங்கினால் ஏறக்குறைய 11 சென்ட். அவர் நிலமும் அக்ரி சோன்தான். ரோடு வந்தால் அவருக்கும் லாபம். விலை கொடுத்து வாங்கி, பாதையோடு சேர்த்து ஊராட்சிக்கு ரோடாக எழுதிக் கொடுப்பது என்பது எங்கள் திட்டம். அண்ணனுக்கு அதுவரை காத்திருக்க முடியாது. அவருடைய 21 சென்ட்டை நாங்கள் மூவரும் சேர்ந்து இன்றைய விலைக்கு எடுத்துக்கொள்வது என்று முடிவானது. அக்கா நகையை வைத்தாள், நான் பிஎஃப் பணத்தை எடுத்தேன், தம்பி லோன் போட்டான். ரோடு வந்து விலை ஏறினால் அண்ணனுக்கும் ஒரு பங்கு என்று ஒரு வரி எழுதச் சொன்னாள் அக்கா. அண்ணன் வேண்டாம் என்றார். எழுதிவிட்டோம்.

போன மாதம் நாலு பேருமே போய் அந்தப் பெரியவரைப் பார்த்தோம். எங்கள் அப்பாவோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சியவர். திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். தம்பி புலப்படத்தை விரித்து எங்கே எத்தனை அடி என்று விரல் வைத்துக் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“அந்த வேலி மூணடி உள்ள வந்தது உங்க அப்பாவுக்கும் தெரியும்மா. கேட்கவே மாட்டாரு,” என்றார். அப்புறம் தாளை மடித்துத் தம்பியிடம் கொடுத்தார். “பையன் துபாய்ல இருக்கான். பொங்கலுக்கு வருவான். வந்ததும் டேப்பைக் கொண்டாங்க.”